இன்று காணோம்

வெண்குடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. அந்த நாட்டில் மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வரிசையில் நின்று மன்னரையே மன்னராகத் தேர்ந்தெடுப்பார்கள். இது எப்படி ஒத்துப்போகும் என்று வெளியூர்க்காரர்கள் தலையைச் சொறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சொறிய நேரமில்லை. அவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருமுறை மன்னர் அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போனார். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அண்டை நாட்டு அரசர் ஒரு கணினியைத் திறந்து காட்டினார். அந்நாட்டில் உள்ள உயிரினங்கள் அத்தனையும், யானையிலிருந்து எறும்பு வரை, ஆலமரத்திலிருந்து அறுகம்புல் வரை, படமும் பெயருமாக அதில் இருந்தன. இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கலாமாம். நம் மன்னருக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்துபோயிற்று. ஊர் திரும்பிய கையோடு ஆணை போட்டார். தம் மணிவிழாவுக்குள் நமக்கும் ஒரு பட்டியல் வேண்டும், அவர்களுடையதைவிடப் பெரியதாக வேண்டும்.

முதல் எட்டு மாதம் பட்டியலுக்கு ஒரு மாளிகை கட்டினார்கள். முகப்பில் கருங்கல்லில் மன்னரின் வாக்கை வெட்டி வைத்தார்கள்: “வெண்குடை நாட்டில் உயிருள்ளவை அனைத்தும் இப்பட்டியலில் இடம்பெறும். எவரும் எழுதலாம். எவரும் பார்க்கலாம். கட்டணம் இல்லை.” உள்ளே பதினான்கு இயக்குநர்கள், அவர்களுக்கு இருபத்தெட்டுத் துணை இயக்குநர்கள். எல்லாருக்கும் மேலே அமைச்சர் வாக்குவல்லபர். அவருக்குப் பக்கத்தில் செயலர். அந்தச் செயலருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எவருக்கும் நினைவில்லை. வாயைத் திறந்தால் ‘மேற்படி’ என்றுதான் தொடங்குவார் என்பதால் மேற்படியார் என்றே ஆகிவிட்டது.

ஊர் ஊராகப் போய் உயிர்களைப் பார்த்து எழுதிவர மட்டும் ஒரே ஓர் ஆள். அவள் பெயர் வடிவாம்பாள். வடிவு என்பார்கள். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, ஒரு துணிப்பை, ஒரு பேனா. ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அந்தக் கல்வெட்டை அந்த மாளிகையில் உண்மையாக நம்பியவள் அவள் ஒருத்திதான். எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒரு வண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன என்று தேடினால், காசில்லாமல், கைகட்டி நிற்காமல், விடை கிடைக்கும். இதைவிட ஓர் அரசாங்கம் வேறென்ன செய்துவிட முடியும் என்று அவள் நினைத்தாள். பாவம், அவள் அப்படித்தான்.

நாட்டின் கீழ்க்கோடியில் கோரைப்பள்ளம் என்றொரு பெரிய சதுப்பு. கரையில் நூற்றுச்சில்லறை வீடுகள். அந்த ஜனங்களுக்குப் பிழைப்பெல்லாம் சேற்றில்தான். மீன் பிடிப்பார்கள், நண்டு பிடிப்பார்கள், கோரை அறுப்பார்கள். வடிவு போய் இறங்கியபோது அவளுக்கு வழிகாட்ட வந்தவன் அய்யாவு என்கிற நண்டுபிடிகாரன். ஆள் குட்டை, வாய் நீளம்.

“எல்லாத்தையும் வலையில போடறீங்களாமே, பதிவம்மா? நாங்க தெனமும் அதத்தானே செய்யறோம்?”

“இது வேற வலை, அண்ணே. இதுல மாட்டினா எந்த மீனும் சாகாது.”

“அப்ப இதுதான் ஒசத்தி,” என்று சிரித்தான் அய்யாவு.

ஐந்து நாள் ஊரே உட்கார்ந்து பெயர் சொல்லிற்று. விரால், உளுவை, அயிரை, முக்குளிப்பான், நத்தைகுத்தி, ஊசித்தட்டான் என்று நீண்டுகொண்டே போனது. கடைசியாக ஒரு தவளை. பானைத்தவளை. ஆண்டு முழுக்கச் சேற்றுக்கடியில் தூங்கும். முதல் மழை விழுந்த நிமிடம் மேலே வந்து, வெறும் பானையைத் தட்டுவதுபோலக் கத்தும். ஆக நானூற்றுப் பன்னிரண்டு. அதில் வடிவு கண்ணால் கண்டது அறுபத்தொன்றுதான்.

காரணம் எளிது. களப்பணி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் என்று துறையில் விதி இருந்தது. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு, மானமுள்ள எந்த உயிரும் வெளியே தலைகாட்டாது. வடிவுக்குக் காணாததைக் கண்டேன் என்று எழுதக் கை வராது. அதற்காக ஊர் சொன்னதைப் பொய் என்று எழுதவும் மனம் வராது. ஆகவே காணாத ஒவ்வொன்றுக்கும் எதிரே, தன் குண்டு குண்டான எழுத்தில், ‘இன்று காணோம்’ என்று எழுதினாள்.

வைகாசியில் ஒருமுறை போனாள். ஆனியில் ஒருமுறை போனாள். அதே வெயில், அதே கதை. விடிகாலையில் போக அனுமதி கேட்டு எழுதியதற்கு மேற்படியார் ஆணையாகவே பதில் போட்டார்: “மேற்படி உயிரினங்கள் அலுவலக நேரத்தில் தென்படுமாறு தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். நகல்: சம்பந்தப்பட்ட உயிரினங்களுக்கு.”

அடுத்து ‘ஓர் உயிர், ஒரே பெயர்’ என்று ஓர் ஆணை வந்தது. ஒரே மீனை ஒரு கரையில் உளுவை என்றும் மறுகரையில் சேத்துப்பொடி என்றும் சொல்வது நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு என்று துறை கருதியது. இரண்டையும் எடுத்துவிட்டு, ‘சேறுவாழ் சிறுமீன், வகை ஏழு’ என்று வைத்தார்கள். அன்றிலிருந்து பட்டியலில் உளுவையைத் தேடியவர்களுக்கு உளுவை கிடைக்கவில்லை. வகை ஏழைத் தேட எவருக்கும் தெரியவில்லை. அதுவும் போதாதென்று, தவளைப் படம் பார்க்க வருகிறவர் யார், எந்த ஊர், அவருக்குத் தவளையிடம் என்ன வேலை என்பதையும் கேட்கத் தொடங்கினார்கள். கட்டணம் மட்டும் இல்லை, அதில் மன்னர் சொன்ன சொல் தவறவில்லை.

மன்னருக்குக் காட்டுவதற்கு முன் அமைச்சர் ஒருநாள் கோரைப்பள்ளத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அது அவருடைய சொந்தத் தொகுதி. அவர் முகம் சுருங்கிற்று.

“காணோம், காணோம், காணோம்! இது உயிர்ப்பட்டியலா, திருட்டுப்போன சாமான் பட்டியலா?”

“மேற்படி சொல் ஐயத்துக்கு இடமானது, மாண்புமிகு ஐயா,” என்றார் மேற்படியார். “உண்டு என்றும் ஆகாமல், இல்லை என்றும் ஆகாமல் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பவை நிர்வாகத்துக்கு உகந்தவை அல்ல.”

பட்டியலோடு வரவழைக்கப்பட்டிருந்த வடிவு குறுக்கிட்டாள். “ஐயா, காணோம் என்றால் இல்லை என்று பொருளில்லை. வீட்டில் சாவியைக் காணோம் என்கிறோம். சாவியே இல்லை என்றா அர்த்தம்?”

அமைச்சர் சிந்தித்தார். அவர் சிந்திப்பதைப் பதினான்கு இயக்குநர்களும் மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாவி கிடைக்கும்வரை பூட்டு திறக்காதல்லவா? அப்படியானால் சாவி இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை ‘காணோம்’ என்று பதிவானால் அது ‘இல்லை’ என மாறும். பாதிக்கு மேல் ‘இல்லை’ ஆகிவிட்ட இடம் ‘காலியிடம்’ எனப்படும். எல்லாத் துறைகளும், எல்லா நீதிமன்றங்களும் பட்டியல் சொல்வதையே ஏற்கவேண்டும்.”

இனி எவரும் சிரமப்படாமல் கணினியே மாற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டு மேற்படியார் ஒரு விசையைத் தட்டினார். அன்று காலை பதினொன்றேகால் மணிக்குக் கோரைப்பள்ளத்தில் முன்னூற்று ஐம்பத்தோர் உயிரினங்கள் இல்லாமல் போயின. அங்கே ஒரு கொசுகூடச் சாகவில்லை. மாலைக்குள் கோரைப்பள்ளம் காலியிடமாக அறிவிக்கப்பட்டது. ஐப்பசி முதல் நாள் மண் லாரிகள் போய்ச் சதுப்பை நிரப்பும், அதன்மேல் மணிவிழா வளாகம் எழும் என்று மறுநாள் சுவரொட்டி ஒட்டினார்கள்.

அந்த வாரமே அய்யாவு ஒரு விராலோடு பிடிபட்டான். இல்லாத மீனைப் பிடித்தான் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்ற மேசையில் விரால் கிடந்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. நீதிபதி பட்டியலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

“இந்நீதிமன்றத்தின் கண்ணுக்கு மேசைமேல் எதுவும் தெரியவில்லை.”

“அப்ப நான் எதையும் பிடிக்கலைன்னு ஆகுதே, சாமி. விட்டுருங்க, போறேன்.”

“இருப்பதைப் பிடிப்பது தொழில். இல்லாததைப் பிடிப்பது மோசடி,” என்றார் நீதிபதி. ஊரிலிருந்த வலைகள் அனைத்துக்கும் சீல் வைத்தார்கள். மீனை எடுத்தெறியப் பணியாளர் மறுத்துவிட்டார். இல்லாததை எப்படி எடுப்பது? நீதிமன்றம் ஒரு வாரம் நாறிற்று.

செய்தி கேட்டு வடிவு ஓடினாள். சீல் வைத்த வலைகளுக்கு முன்னால் அய்யாவு குந்தியிருந்தான். ஊரில் இரண்டு நாளாக உலை கொதிக்கவில்லை.

“இதுல மாட்டினா எந்த மீனும் சாகாதுன்னு சொன்னீங்களே, பதிவம்மா?”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சும்மா கேட்டான். மூன்று தடவையும் முன்னூற்று ஐம்பத்தொரு முறை அந்தச் சொல்லை எழுதியது அவள் கை.

“காணோம்னா இல்லைன்னா அர்த்தம்?” என்றான் அய்யாவு. “எங்க வீட்டு வெள்ளாடு காலையில காணோம். சாயங்காலம் வந்து வாசல்ல நிக்குது. ஆட்டுக்கு யாராவது கருமாதி பண்ணுவாங்களா?”

“எழுதின கையாலயே திருத்தறேன், அண்ணே. இந்தப் பள்ளத்துல ஒரு கூடை மண்ணு விழ விடமாட்டேன்.” சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

திருத்துவதற்கு விதி இருந்தது. மேற்படியார் வழி ஒன்று வைத்தால் எவரும் நுழைய முடியாதபடிதான் வைப்பார். ‘இல்லை’ என்றாகிவிட்ட உயிரை மூன்று சாட்சிகள் நேரில் காணவேண்டும். அவர்களில் ஒருவர் அரச முத்திரை உடையவராக இருக்கவேண்டும். வரிசை எண் தவறக்கூடாது. பட்டியலின் கடைசி எண் வரை உறுதியானால்தான் காலியிடம் என்பது நீங்கும். நாட்டில் அரச முத்திரை உடையவர்கள், அமைச்சரும் மேற்படியாரும் உட்பட, பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் காலும் சேற்றைக் கண்டதில்லை.

வடிவு நாற்பத்துமூன்று மனு எழுதினாள். ‘மேற்படி மனு பெறப்பட்டது’ என்று நாற்பத்துமூன்று பதில் வந்தது. பிறகு அமைச்சரின் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவர் வெளியே வந்தார்.

“ஐயா, உங்கள் தொகுதி. ஒரே ஒருமுறை வந்து பாருங்கள்.”

“அம்மா, சேற்றில் கால் வைப்பது எங்கள் மரபில் இல்லை,” என்றார் வாக்குவல்லபர் கருணையோடு. “வாக்குக் கேட்கும் வாரம் நீங்கலாக. வரும் தேர்தலுக்கு இன்னும் மூன்றரை ஆண்டு இருக்கிறது. பொறுமை வேண்டும்.”

கார் கிளம்பிப் போயிற்று. வடிவு மாளிகைப் படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள், மூக்கைச் சிந்தினாள். எதிரே கருங்கல் நின்றது. தினமும் கடந்துபோகும் வரிதான். ‘உயிருள்ளவை அனைத்தும்.’ இன்னொரு முறை படித்தாள். தவளை உயிருள்ளது. நத்தை உயிருள்ளது. ஏன், அமைச்சரும் உயிருள்ளவர்தானே? அவரை ஏன் இதுவரை எழுதவில்லை? கடமையில் எவ்வளவு பெரிய தவறு!

அன்று மாலையே உட்கார்ந்து பதிந்தாள். “கோரைப்பள்ளம். வரிசை எண் நானூற்றுப் பதின்மூன்று. மக்கள் பிரதிநிதி வாக்குவல்லபர். இருப்பிடம்: கோரைப்பள்ளம் (அவரே தேர்தல் மனுவில் எழுதிக் கொடுத்தபடி). உணவு: மாலை, மரியாதை.” கடைசி இரண்டு சொல்லை அடித்துவிட்டாள். அவள் கண்ணால் காணாததை எழுதுகிறவள் அல்ல.

இனி நேரில் போய்ப் பார்க்கவேண்டும். முன்கூட்டியே அமைச்சருக்குக் கடிதம் போட்டாள். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, கோரைப்பள்ளத்துத் தொகுதி அலுவலகத்தின் முன் நின்றாள். பூட்டில் குளவி கூடு கட்டியிருந்தது. ஐந்து மணி வரை நின்றாள். ‘இன்று காணோம்’ என்று எழுதினாள். பத்து நாள் கழித்து மறுபடி போனாள். குளவிக் கூடு பெரிதாகியிருந்தது. காணோம். மூன்றாம் முறை ஊரே கூட வந்து நின்றது.

“ஒருவேளை சேத்துக்கடியில தூங்கறாரோ என்னவோ,” என்றான் அய்யாவு.

வடிவு மூன்றாவது ‘காணோம்’ எழுதிக் கணினியில் ஏற்றினாள். கணினிக்கு அமைச்சர் என்றும் அயிரை என்றும் வேறுபாடு தெரியாது. அரை நொடியில் வாக்குவல்லபருக்கு எதிரே ‘இல்லை’ என்று விழுந்தது.

மறுநாள் காலை மாளிகை வாசலில் காவலர் கதவைத் திறக்கவில்லை. “அமைச்சர் இல்லைங்களே,” என்றார் அமைச்சரிடமே. பின்வாசல் வழியாக உள்ளே போனால் நாற்காலியைக் காணோம். தேர்தல் துறை காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல் என்று அறிவித்துவிட்டது. மேற்படியார் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, மேற்படி அமைச்சர் என்று எவரும் இல்லை.”

“உமக்கு எதிரேதானே நிற்கிறேன்!”

“மேசைமேல் கிடந்த விராலுக்கே தீர்ப்பு வந்துவிட்டதே, ஐயா.”

அமைச்சர் மன்னரிடம் ஓடினார். மன்னர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, சுற்றும் முற்றும் நோக்கி, “யாரோ பேசுவதுபோல் இருக்கிறதே?” என்றார். தாம் போட்ட விதி தம் கழுத்துக்கே சுருக்காக வரும் என்று வாக்குவல்லபர் கனவிலும் நினைத்ததில்லை. மேற்படியாருக்கும் உள்ளூர உதறல். அமைச்சரே இல்லாத துறைக்குச் செயலர் எதற்கு என்று எவராவது கேட்டுவிட்டால்? முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இருவரும் கோரைப்பள்ளத்துக்கு விரைந்தார்கள். அப்போது புரட்டாசி தொடங்கியிருந்தது.

கரையில் வடிவு பட்டியலோடு காத்திருந்தாள்.

“இதோ நிற்கிறேன். நன்றாகப் பார். எழுது,” என்றார் வாக்குவல்லபர்.

“தங்கள் எண் நானூற்றுப் பதின்மூன்று, ஐயா. முன்னால் முன்னூற்று ஐம்பத்தொரு பேர் நிற்கிறார்கள்.”

“நான் அமைச்சர்!”

“வரிசை எண் தவறக்கூடாது. தாங்கள் கையெழுத்திட்ட விதிதான்.”

அமைச்சர் மேற்படியாரைப் பார்த்தார். “மேற்படி விதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஐயா. நான்தான் எழுதினேன்,” என்றார் மேற்படியார் மெல்லிய குரலில். அலுவலக நேர விதியை மட்டும் தம் முத்திரையால் அங்கேயே நீக்கிக் கொடுத்தார். விடிகாலையில் இறங்கினார்கள். முதல் அடியில் அமைச்சரின் வலது செருப்பு போயிற்று. இரண்டாம் அடியில் இடது.

அய்யாவு முன்னால் போவான். “அசையாம நில்லுங்க. இது என்ன மேடையா? வாயை மூடினாத்தான் வரும்.” கண்டதும் வடிவு எழுதுவாள், அய்யாவு கைநாட்டு வைப்பான், மேற்படியார் இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு முத்திரை குத்துவார். முதல் நாள் பதினாறு. மறுநாள் இருபது. ஐந்தாம் நாள் ஒரு முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நாணல் ஓரமாகப் போயிற்று. வாக்குவல்லபர் மூச்சுவிடாமல் நின்றார். “எத்தனை குஞ்சு? மூன்றா?” என்று கிசுகிசுத்தார். எண்ணச் சொல்லி அவரை எவரும் கேட்கவில்லை. பத்தாம் நாளுக்குமேல் அவரே முந்திக்கொண்டு “அதோ! அதோ!” என்று காட்டத் தொடங்கினார்.

“ஓட்டு கேட்க வந்தப்பகூட இந்த ஆளு இத்தனை நாள் இருந்ததில்ல,” என்றான் அய்யாவு.

புரட்டாசி கடைசியில் நானூற்றுப் பதினொன்று முடிந்தது. மிச்சம் பானைத்தவளையும் அமைச்சரும். மழை வரவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வாக்குவல்லபர் கரையில் உட்கார்ந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தார். நாட்டில் மழையை அப்படிப் பார்க்கும், பயிர் வைத்த சம்சாரிகள் லட்சம் பேர் உண்டு. அமைச்சர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐப்பசி முதல் நாள் காலை எட்டு மணிக்கு லாரிகள் வந்தன. நாற்பது லாரி, நாற்பதிலும் செம்மண். வடிவு வழியை மறித்துப் போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அய்யாவு நின்றான், ஊர் நின்றது. எல்லாரையும் முந்திக்கொண்டு வாக்குவல்லபர் ஓடினார். பள்ளத்தை மூடிவிட்டால் அவர் எங்கே போய்க் காணப்படுவது? இருப்பிடம் அதுதானே! முழங்கால் வரை சேறோடு, முதல் லாரிக்கு முன்னால் கையை விரித்தார்.

“நிறுத்து! இங்கே உயிர்கள் இருக்கின்றன!”

ஓட்டுநர் தாளை எடுத்துப் பார்த்தார். “காலியிடம்னு போட்டிருக்கே. நீங்க யாரு?”

“நான் இந்தத் துறை அமைச்சர்!”

ஓட்டுநர் கைப்பேசியில் தேடினார். “இல்லைன்னு வருதே, பெரியவரே. ஓரமாப் போங்க.”

வாக்குவல்லபர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வாய் கோணிற்று. ஊரார் எவரும் சிரிக்கவில்லை. கண்ணெதிரே நிற்கிறவரை இல்லை என்று சொல்வது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். லாரி உறுமியது. வடிவு அசையவில்லை.

கிழக்கே மேகம் திரண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. முதல் துளி லாரிக் கண்ணாடியில் விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பள்ளத்தில் எங்கோ ஒரு வெறும் பானையைத் தட்டும் ஓசை கேட்டது. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு பள்ளமே குயவர் வீடு மாதிரி ஒலித்தது.

“வந்துட்டாண்டா!” என்று கத்தினான் அய்யாவு.

சேற்றைப் பிளந்துகொண்டு, மஞ்சளும் கறுப்புமாக, உள்ளங்கையளவு தவளையொன்று அமைச்சரின் காலடியிலேயே ஏறி உட்கார்ந்தது. “கண்டேன்! கண்டேன்! கண்டேன்!” என்று அவர் அலறினார். வடிவு புடவைத் தலைப்பால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். அய்யாவு கைநாட்டு வைத்தான். மேற்படியார் முத்திரை குத்தினார்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஊர் முழுவதும், நாற்பது ஓட்டுநர்களும் அவள் பேனாவையே பார்த்தார்கள். வடிவு வாக்குவல்லபரை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில்லாத கால், சேறு, நனைந்த தலைமுடி, மழையா கண்ணீரா என்று தெரியாத முகம்.

“எழுதம்மா. உன் காலைப் பிடிக்கிறேன், எழுது.”

“கண்டதைத்தான் எழுதுவேன், ஐயா,” என்றாள் வடிவு. ‘இன்று கண்டோம்’ என்று எழுதினாள். ‘இன்று’ என்ற சொல்லை அவள் விடவில்லை. கைநாட்டும் முத்திரையும் விழுந்ததும் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பட்டியலில் ஏற்றினாள். ஓட்டுநரின் கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. பார்த்தார். “காலியிடம் இல்லைன்னு வருது,” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். அய்யாவு வாயடைத்து நின்றதை ஊர் பார்த்தது அந்த ஒருமுறைதான். அன்று மாலை எல்லா வலைகளின் சீலும் உடைபட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வாக்குவல்லபர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் கல்லில் வெட்டிய சொல் கல்லிலேயே இருந்தது: எவரும் எழுதலாம், எவரும் பார்க்கலாம். கோரைப்பள்ளத்துச் சேதி ஊர் ஊராகப் பரவியது. ஜனங்கள் எழுதத் தொடங்கினார்கள். மேலக்கரையிலிருந்து ஆரம்பப்பள்ளி ஆசிரியர் என்று ஒரு பதிவு. நடுவூரிலிருந்து அரசு மருத்துவர், இருப்பிடம் அரசு மருத்துவமனை, என்று ஒரு பதிவு. தண்ணீர் திறந்துவிடுகிறவர், ரேஷன் கடைக்காரர், வட்டாட்சியர் என்று வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வடிவு கிளம்பினாள். அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டதுமே பல ஊர்களில் பல வருடமாகத் திறக்காத கதவுகள் திறந்தன. உங்கள் ஊர்ப் பக்கம் யாரேனும் எழுதிப் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் பெயர் போடாத ஒரு பதிவு வந்தது. “மன்னர். இருப்பிடம்: மக்கள் நெஞ்சம் (மணிவிழாச் சுவரொட்டிகளில் உள்ளபடி).” பதினான்கு இயக்குநர்களும் வியர்த்துப்போய், அதை அழித்துவிடச் சொன்னார்கள்.

“உயிருள்ளவர்தானே?” என்று கேட்டாள் வடிவு. அதற்கு இல்லை என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை.

முதல் முறை ஒரு சந்தைக்குப் போய், ஐந்து மணி வரை நின்று, வந்தவர் போனவரையெல்லாம் கேட்டாள். காணோம். இரண்டாம் முறை வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் முகாமுக்குப் போனாள். அங்கே சுவரில் பன்னிரண்டு படம் இருந்தது. படம் உயிருள்ளதல்ல. காணோம்.

மூன்றாம் முறை, ஒரு திங்கட்கிழமை, துணிப்பையை மாட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்கே போனாள். காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்.

“யாரைப் பார்க்கணும்? மன்னர் எவரையும் பார்க்கமாட்டார்.”

“அவர் பார்க்கவேண்டாம். நான் பார்த்தால் போதும்,” என்றாள் வடிவு. மணி பத்தடித்தது. வாசல்படியில் உட்கார்ந்து தாளை விரித்தாள். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து மணி வரை காத்திருக்கத் தயாரானாள்.